புதிய கிளாரஸ் கண்ட உழவர்கள்

சுவிட்சர்லாந்து மலைகள் சூழ்ந்த நாடு. 1840ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் கிளாரஸ் மாநிலத்தை வறுமை வாட்டியது. விளைச்சல் குன்றியது, ஆலை இயந்திரங்கள் கைத்தறி நெய்வோரின் பிழைப்பைப் பறித்தன.

மக்கள் சங்கம் அமைத்தனர். நிலம் தேட நிக்கோலஸ் தூர்ஸ்ட், ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் என்னும் இருவரை அமெரிக்காவுக்கு முன்னரே அனுப்பினர். அவர்கள் விஸ்கான்சின் பகுதியில் நிலம் வாங்கினர். 1845 ஏப்ரலில் 193 பேர் புறப்பட்டனர். வழியில் சிலர் மாண்டனர். சிலர் பிரிந்து சென்றனர். ஆகஸ்டில் வந்து சேர்ந்தோர் 108 பேரே. தம் ஊர் நினைவாக ‘நியூ கிளாரஸ்’, அதாவது புதிய கிளாரஸ், எனப் பெயரிட்டனர். 20 ஏக்கர் கொண்ட பங்குகளாக நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொண்டனர்.

முதலில் கோதுமை பயிரிட்டனர். நாளடைவில் மண் வளம் குறைந்தது. பூச்சிகள் பயிரை அழித்தன. எனினும் அவர்கள் கலங்கவில்லை. முன்னோர் அறிந்திருந்த மாடு வளர்ப்பையும் பாலாடைக்கட்டி செய்தலையும் கைக்கொண்டனர். அத்தொழிலே ஊரை வாழவைத்தது. இன்றும் அப்பகுதிக்குப் புகழ் சேர்க்கிறது.

வெறுங்கையுடன் வந்தோர்க்குப் பெற்றோர் கற்பித்த தொழிலே முதலாயிற்று. வீட்டில் மூத்தோர் அறிந்தவற்றை நாம் எளியவை என ஒதுக்குதல் தகுமோ? கேட்டுக் கற்போம்.