வேனுக்குள் ஒரு பலகைத் தாங்கி: மரவேலைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல்

நவம்பர் மாதம் பிறந்ததும் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும். தென்சீனக் கடலின் பரந்த நீர்ப்பரப்பைக் கடந்து வரும் அந்தக் காற்று, மார்ச் வரை பெரிய அலைகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பகாங்கின் செராத்திங்கிலும் ஜொகூரின் டெசாருவிலும் அலைச்சறுக்கு விளையாட்டு களைகட்டும் காலம் அதுதான். மேற்குக் கரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுமத்ரா தீவு அலைகளை மறைத்து நிற்கிறது. எனவே கோலாலம்பூரில் இருப்பவர்கள் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பல மணி நேரம் நெடுஞ்சாலையில் போக வேண்டும்.

சிலர் பலகையை வண்டியின் கூரைமேல் கட்டுவார்கள். வேன் வைத்திருப்பவர்கள் மழைக்கும் திருட்டுக்கும் பயந்து உள்ளேயே வைப்பார்கள். அதற்கான தாங்கியைக் கடையில் வாங்காமல், மரச்சட்டம், போல்ட், பட்டை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. பார்வைக்கு இது வெறும் தச்சு வேலை. ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வது இயற்பியல். ஒரு முடிவு தவறினால் பலகை உடையும். இன்னொரு முடிவு தவறினால் முன்னிருக்கையில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து வரும்.

வாருங்கள் மாணவர்களே, அந்தத் தாங்கியைப் படிப்படியாகக் காகிதத்தில் கட்டிப் பார்ப்போம்.

பலகையின் உள்ளே என்ன இருக்கிறது?

அலைச்சறுக்குப் பலகை பெரும்பாலும் மரத்தால் ஆனதன்று. உள்ளே இலேசான நுரைப்பொருள் இருக்கும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிசின் பூசி இறுக வைத்திருப்பார்கள். நீளமான பலகை 9 அடி, அதாவது ஏறக்குறைய 2.7 மீட்டர் இருக்கும். நம் கணக்குக்கு அதன் பொருண்மை 6 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வெளித்தோல் மெல்லியது. ஒரே இடத்தில் அழுத்தினால் குழி விழும்; வளைத்தால் விரிசல் காணும். தாங்கி செய்பவர் இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

எங்கே தாங்குவது?

பலகைக்கு அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் போதும். அவற்றை எங்கே வைப்பது? இரு முனைகளிலும் வைத்தால் நடுப்பகுதி தொய்யும். நடுவில் நெருக்கி வைத்தால் முனைகள் தொங்கும். இடையில் ஒரு நல்ல இடம் இருக்க வேண்டும் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள். நன்றாக வளையும் நீளமான பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை எடுத்து, இரண்டு பென்சில்களின்மேல் வையுங்கள். முதலில் பென்சில்கள் முனைகளில் இருக்கட்டும். பிறகு அவற்றை மெல்ல உள்ளே தள்ளுங்கள். கோல் வளைவது குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வரும்போது, நடுவின் தொய்வும் முனைகளின் தொங்கலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். சீரான கோல் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், முனைகளில் தாங்கும்போது நடுவில் ஏற்படும் வளைக்கும் திருப்புத்திறன், இந்த இடத்தில் தாங்கும்போது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 2.7 மீட்டர் பலகைக்கு இது முனையிலிருந்து சுமார் 54 சென்டிமீட்டர்.

அழுத்தத்தைப் பரப்புங்கள்

சட்டமாக உருண்டைக் குழாயை வைத்தால், பலகை அதை ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். அந்தக் கோடு 50 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்றால், தொடும் பரப்பு வெறும் 10 சதுர சென்டிமீட்டர். அதே குழாயின்மேல், நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக் குழலைப் பிளந்து மாட்டினால், நுரை அமுங்கி 3 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தொடும். பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. விசை மாறவில்லை, பரப்பு 15 மடங்கு கூடியதால் அழுத்தம் 15 மடங்கு குறைகிறது.

நுரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேகத்தடைமேல் வண்டி ஏறி இறங்கும்போது பலகை குதித்து விழும். மரத்தின்மேல் விழுந்தால் நொடிப்பொழுதில் நிற்கும். நுரையின்மேல் விழுந்தால் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்து நிற்கும். நிற்கும் நேரம் நீண்டால் தாக்கும் விசை குறையும். முட்டை அட்டையும் தலைக்கவசமும் இதே விதியில்தான் வேலை செய்கின்றன.

சுவரிலிருந்து நீளும் கை

இடம் மிச்சப்படுத்தப் பலர் தாங்கியை வேனின் பக்கச் சுவரில் கைபோல நீட்டி வைப்பார்கள். மூன்று பலகைகளை இடையில் போர்வை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்த எடை சுமார் 180 நியூட்டன். இரண்டு கைகளும் சமமாகச் சுமந்தால் ஒவ்வொன்றுக்கும் 90 நியூட்டன். இந்த எடை சுவரிலிருந்து 0.3 மீட்டர் தள்ளி இருப்பதால், கையைக் கீழே திருப்ப முயலும் திருப்புத்திறன் 90 × 0.3 = 27 நியூட்டன் மீட்டர்.

இதை எதிர்ப்பது சுவரில் இருக்கும் மேல் போல்ட். அது, கையின் அடிப்பகுதி சுவரில் ஊன்றும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதைப் பிடுங்க முயலும் விசை 270 நியூட்டன். அந்த உயரத்தை 30 சென்டிமீட்டர் ஆக்கினால் விசை 90 நியூட்டனாக இறங்கிவிடும். ஆகவே கையைத் தனியாகச் சுவரில் முடுக்காமல், உயரமான நிலைச்சட்டம் ஒன்றில் பொருத்தி, அடியில் சாய்வான முட்டுக்கட்டை ஒன்றும் கொடுக்க வேண்டும்.

போல்ட்டை எங்கே முடுக்குவது என்பதும் முக்கியம். வேனின் வெளித்தகடு மெல்லியது. திருகு எளிதில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே இருக்கும் விலா போன்ற எலும்புக்கூட்டிலும், தொழிற்சாலையிலேயே விட்டிருக்கும் திருகு துளைகளிலும்தான் பொருத்த வேண்டும். கண்டபடி துளையிட்டால் மின்கம்பியோ எரிபொருள் குழாயோ சேதமடையலாம்.

பிரேக் அடித்தால் என்ன நடக்கும்?

“கனமான பொருள் நகராது, சும்மா வைத்தால் போதும்” என்று சொல்பவர்கள் உண்டு. இது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேன் ஓடும்போது பலகையும் அதே வேகத்தில் ஓடுகிறது. வேன் நின்றாலும் பலகை தொடர்ந்து ஓடவே முயலும். இதுதான் நிலைமம், மலாய்ப் பாடநூலில் நீங்கள் ‘இனெர்சியா’ என்று படிப்பது. பலகையை நிறுத்த ஒரு விசை தேவை. பலமாக பிரேக் அடித்தால் வேகம் நொடிக்கு நொடி 8 மீட்டர் குறைகிறது என்று கொள்வோம். 6 கிலோ பலகையை வேனோடு சேர்த்து நிறுத்த 6 × 8 = 48 நியூட்டன் வேண்டும்.

கட்டாமல் வைத்த பலகைக்குக் கிடைப்பது உராய்வு மட்டுமே. உராய்வெண் 0.4 என்றால், 60 நியூட்டன் எடைக்குக் கிடைக்கும் உராய்வு 24 நியூட்டன். பாதிதான்! பலகை முன்னோக்கி வழுக்கும்.

சரி, பலகை 12 கிலோ என்றால்? உராய்வு 48 ஆகிறது. ஆனால் தேவையும் 96 ஆகிவிடுகிறது. மறுபடியும் பாதிதான். பொருண்மை இரு பக்கமும் சமமாகக் கூடுவதால் கனம் நமக்கு உதவுவதில்லை.

பட்டை உதவும். பலகைக்கு மேலே பட்டையைப் போட்டு, இரு பக்கமும் 50 நியூட்டன் விசையில் கீழே இழுத்துக் கட்டினால், பலகை சட்டத்தை 100 நியூட்டன் கூடுதலாக அழுத்தும். இரண்டு பட்டைகளுக்கு 200. எடையோடு சேர்த்து 260 நியூட்டன். உராய்வு 104 நியூட்டனாக உயர்கிறது, தேவையோ 48தான். பட்டை அழுத்தத்தைக் கூட்டுகிறது, பொருண்மையைக் கூட்டுவதில்லை. அதன் இரகசியம் அதுதான்.

ஒரு பட்டையைப் பலகையின் மிக அகலமான இடத்துக்குச் சற்று முன்னால் சுற்றிக் கட்டுங்கள். பலகை முன்னே நகர முயன்றால், அகலமான பகுதி பட்டைக்குள் ஆப்புபோல நுழைந்து தானாகவே இறுகும். இரப்பர்போல் நீளும் கொக்கிக் கயிறு அதிர்வைத் தடுக்கும். ஆனால் பிரேக் அடிக்கும்போது நீண்டு கொடுத்துவிடும். நீளாத தட்டைப் பட்டையே நல்லது. நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். அது பலகையை நொறுக்கும் அளவுக்கு இறுகக்கூடும்.

விபத்து நேர்ந்தால்?

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வேன் மோதி 0.1 நொடியில் நின்றால், 6 கிலோ பலகையை நிறுத்தத் தேவைப்படும் விசை 840 நியூட்டன். 84 கிலோ மனிதர் ஒருவரின் எடைக்குச் சமம்! பட்டை அறுந்து போனால் இந்த விசை முழுவதும் பலகையின் கூரான மூக்கு எதில் மோதுகிறதோ அதன்மேல் இறங்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது பலகையின் இயக்க ஆற்றல், 55 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு.

எனவே வீட்டில் செய்த எந்தத் தாங்கிக்கும் மூன்று விதிகள் உண்டு. பலகையின் மூக்குக்கு நேரே யாருடைய தலையும் இருக்கக்கூடாது. மூக்குக்கு முன்னால் நுரை ஒட்டிய உறுதியான தடுப்பு ஒன்று வேண்டும். பட்டையின் முனைகளை மரச்சட்டத்தில் கட்டாமல், வேன் தளத்தில் பொருத்தப்பட்டிருக்கும் இரும்பு வளையங்களில் கட்ட வேண்டும். வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால், மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் பெரியவர்கள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலும் ஓர் எதிரி

வெயிலில் மூடி நிறுத்திய வேனின் உள்வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். 27 பாகையில் இருக்கும் காற்று 60 பாகைக்குச் சூடானால், கெல்வின் அளவில் அது 300லிருந்து 333 ஆகிறது. பலகைக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் 11 விழுக்காடு கூடும். அது வெளித்தோலை உள்ளிருந்து தள்ளி, நுரையிலிருந்து பிரித்துக் கொப்புளம்போல் உப்ப வைக்கும். பிவிசி குழாயும் 80 பாகையை நெருங்கும்போது இளகும். அதற்கு முன்பே, சுமையோடு சூட்டில் இருந்தால் மெல்ல வளையத் தொடங்கும். எனவே சுமக்கும் கைக்கு மரமோ இரும்போ வேண்டும். பிவிசி உறையாக மட்டும் இருக்கட்டும். நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. பட்டையின் இறுக்கம் பாதியாகத் தளர்ந்தால், மேலே சொன்ன பிரேக்கில் பலகை நகருமா?

2. உராய்வெண் 0.8 உள்ள இரப்பர் விரிப்பைப் போட்டால், கட்டாத பலகை நிற்குமா? வேகத்தடையில் பலகை ஒரு கணம் மேலே எழும்பினால் அந்த உராய்வு என்ன ஆகும்?

3. உங்கள் வீட்டு வண்டியின் பின்கண்ணாடி ஓரத்தில் குடை, தண்ணீர்ப் புட்டி, புத்தகம் ஏதாவது கட்டாமல் கிடக்கிறதா? அதன் பொருண்மையை அளந்து, 50 கிலோமீட்டர் வேகக் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். விடையை வண்டி ஓட்டுபவரிடம் காட்டுங்கள்.