பேராதனை நீர் வெருகலுக்கு வரும்

மலைநாட்டில் பேராதனையைத் தொட்டுக்கொண்டு ஓடும் மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் தூரம் நடந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைக் காண்கின்றது. காணுமுன் தன்னிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து விடுகின்றது. அக்கிளையே வெருகலாறு. சித்திர வேலாயுதர் கோயில் கொண்டிருப்பதும், தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் காதற் பிரபந்தம் பாடியதும் இவ்வாற்றங்கரைப் பதியைத்தான்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. அன்று தொட்டு, பல்கலைக்கழக வளவைத் தழுவிய நீரே வெருகலின் வயலுக்கும் வந்து பாய்கின்றது. கீழ்நோக்கி வருவது நீருக்கு எளிது. அந்நீர் வந்த வழியே மேல்நோக்கி ஏறிச் செல்ல வேண்டிய வெருகற் பிள்ளைக்கு என்ன வழி என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது.

பல்கலைக்கழகப் புகுமுகம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது க. பொ. த. உயர்தரப் பரீட்சை மண்டபம். மூன்று பாடங்கள், விடைத்தாள், மேற்பார்வையாளர், கடிகாரம். ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் வாழும் பிள்ளையின் புகுமுகம் அம்மண்டபத்தில் தீர்மானிக்கப்படுவதன்று. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில், பல வேளைகளில் பிள்ளையும் பெற்றோரும் அறியாமலே, அது தீர்ந்து விடுகின்றது.

எவ்வாறெனின், நம் நாட்டுப் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டிருக்கும் முறையைப் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளையும் கற்பிக்கும் பாடசாலை ‘1 ஏபி’ எனப்படும். கலையும் வர்த்தகமும் மட்டும் கற்பிப்பது ‘1 சி’. பதினோராம் வகுப்போடு நின்றுவிடுவது இரண்டாம் வகை. பிள்ளையின் வீட்டுக்கு அருகே இருப்பது இவற்றுள் எது என்பதே அவனுடைய துறையைத் தேர்ந்து கொடுத்து விடுகின்றது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்ற மாணவி ஒருத்தி கலைத்துறையிற் சேர்ந்தாள் என்று கேட்டால், அவளுக்கு அரசியலிலோ புவியியலிலோ பெருவிருப்பம் போலும் என்று நகரத்தார் நினைக்கக்கூடும். விருப்பம் உண்டோ இல்லையோ, நடந்து போகும் தூரத்தில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்பதே காரணமாயிருக்கக் கூடும். கலைத்துறையை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. இவ்வேட்டின் வாசகர்களுள் பெரும்பாலார் அத்துறையின் பிள்ளைகளே. ஆயினும், தேர்ந்தெடுத்துச் சேர்வது வேறு, வேறு கதவு இல்லாமையால் சேர்வது வேறு.

இனி, உள்ளே நுழைவதற்குரிய கணக்கைக் காண்போம். உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் குறைந்தது ‘எஸ்’ சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சை என்னும் பொது அறிவு வினாத்தாளில் 30 புள்ளி வேண்டும். பரீட்சைக்கு மூன்று முறையே தோற்றலாம். பெற்ற புள்ளிகளை அப்படியே கூட்டுவதில்லை. ஒரு பாடத்தில் எல்லா மாணவரும் பெற்ற சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரவலைக் கொண்டு வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பர். 2001 தொடக்கம் வழங்கும் ‘இசட் புள்ளி’ இதுவே. ஆதலின், ‘இலகுவான பாடம்’ என்று ஊரார் சொல்வதை நம்பி ஒரு பாடத்தை எடுப்பதில் பயனில்லை. எல்லோருக்கும் இலகுவான பாடத்தில் எல்லோரும் மேலே நிற்பர். அங்கே தனித்து மேலெழுவது அரிது.

இடங்களைப் பகிரும் முறையும் அறியத் தக்கது. பல கற்கை நெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அப்பதினாறில் ஒன்று. இம்முறையின் வேர் 1970களின் தரப்படுத்தலில் இருக்கின்றது. அக்கதை தமிழர் நெஞ்சில் ஆறாத வடு. யாழ்ப்பாணத்து மாணவர் மொழி காரணமாகப் புறந்தள்ளப்பட்ட அநீதியை எவரும் மறைத்தற்கில்லை. ஆனால், அதனைத் தொடர்ந்து வந்த மாவட்டப் பங்கீடு மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

திறந்த வாயிலுக்குள்ளே வெருகல் நுழைந்ததா? இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. பங்கீட்டுக்கு மாவட்டம் என்பது ஒரே புள்ளி. திருகோணமலைப் பட்டினத்தில், ஆய்வுகூடமும் மாலை வகுப்புகளும் அருகிருக்கப் படிக்கும் பிள்ளையும், ஈச்சிலம்பற்றிலோ பூநகரிலோ இலங்கைத்துறை முகத்துவாரத்திலோ படிக்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சட்டம் அளந்தது. பட்டினத்துக்கும் வெருகலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கவில்லை. பின்தங்கிய மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடத்தை அம்மாவட்டத்தின் முன்னேறிய மூலையே எடுத்துக்கொள்வது எவருடைய சூழ்ச்சியுமன்று. விஞ்ஞானப் பிரிவில் பரீட்சை எழுதவே ஆளில்லாத மூலைக்கு அவ்விடம் எப்படி வந்து சேரும்?

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாக இருக்கின்றது. நாட்டு வைத்தியத்தின் வாசனை இன்னும் முற்றாக நீங்காத மண் நம்முடையது. பாட்டனார் மூலிகை அரைத்த கல் இன்னும் வீட்டு முற்றத்தில் கிடக்கும் பிள்ளை அப்பட்டத்தை விரும்புவது எத்துணை இயல்பு! ஆனால் அதற்குள் நுழைய உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். ஊரில் அப்பிரிவு இல்லையேல், வைத்தியப் பரம்பரைப் பிள்ளைக்கும் அக்கதவு மூடியதே. இதைப் பத்தாம் வகுப்பில் எவரேனும் அவனுக்குச் சொன்னார்களா? பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லி என்ன பயன்?

ஆதலால் திட்டம் என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். முதலாவது கணிதம். சாதாரண தரக் கணிதத்தில் தடுக்கி விழும் பிள்ளைக்குப் பின்னர் எத்துறையும் ஒடுங்கி விடுகின்றது. அடுத்தது இடம். விஞ்ஞானமோ கணிதமோ கற்க விழையும் பிள்ளை மூதூருக்கோ பட்டினத்துக்கோ போய்த் தங்க வேண்டியிருக்கும். விடுதியா, உறவினர் வீடா, செலவு யாருடையது, பெண்பிள்ளையானால் துணை யார் என்பவை சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு ஒரு கிழமையில் முடிவு செய்யத் தக்க காரியங்களல்ல. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை புகுத்தப்பட்டது. அதுவும் ஒரு வழி. ஆனால் அதனைக் கற்பிக்கும் பாடசாலை எங்கே என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

ஆற்றுக்குத் தென்கரையில் கதிரவெளியும் வாகரையும் மட்டக்களப்பு மாவட்டம். கல்லெறி தூரந்தானே என்று அக்கரைக்குப் படிக்கப் போகும் குடும்பம் ஒன்றை மறக்கலாகாது. பல்கலைக்கழக அனுமதியில் ஒருவருடைய மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் அவர் படித்த பாடசாலை எங்குள்ளது என்பதும் பார்க்கப்படும். பாலத்தைக் கடப்பது இரண்டு நிமிட வேலை. பங்கீட்டில் அது மாவட்டம் மாறும் வேலையாகிவிடலாம். அனுமதிக் கைந்நூலில் இவையெல்லாம் அச்சிடப்பட்டே இருக்கின்றன. உயர்தரம் எழுதி முடித்த பின்னரே அந்நூலைக் கையிலெடுப்பது நம் வழக்கமாகிவிட்டது. அதன் பழைய பிரதியொன்றைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் தம் மேசையில் வைத்திருந்தால், அதுவே பெரிய தொண்டு.

பாலம் என்றேன். அப்பாலமும் அண்மைக் காலத்ததே. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் பல துறைகளை ‘பாதை’ என்று மக்கள் அழைத்த மிதவைகளாற் கடந்த காலம் நெடியது. கிண்ணியாப் பாலம் 2009 இலும், வெருகற் பாலம் 2011 இலும் திறக்கப்பட்டன. மூதூர் ஆசிரியரும் எழுத்தாளருமான வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’ என்னும் சிறுகதை, சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஒரு கடற்கரைச் சிறுவனைப் பற்றியது. இப்பகுதிப் பிள்ளைகளைக் காணுந்தோறும் அச்சிறுவன் நினைவுக்கு வருகின்றான்.

பெற்றோரைக் குறை கூறுவதும் எளிதன்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2006 இல் போர்; ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினர். அன்று பத்து வயதில் புத்தகப் பையை விட்டு ஓடியவர் இன்று பாடசாலைப் பிள்ளைகளின் தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம். தம் படிப்பு அறுந்த இடத்திலிருந்து பிள்ளையின் படிப்பைத் தொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் நிறைய உண்டு. எந்த வகுப்பில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுதான் அவர்களுக்கு யாரும் சொல்லாதது.

காலமும் இப்போது பிள்ளைக்கு எதிராக நிற்கின்றது. நெடுங்காலம் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டு மாதத்தில் நடந்தது. வெருகலில் அது வெயிற்காலம், வீதி காய்ந்திருக்கும். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் நாட்காட்டியைக் குலைத்தன. 2024 ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கி, இரண்டொரு நாளில் வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பரில் மீண்டும் தொடர்ந்தது. 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சையும் புயலால் நின்று, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. மலையில் பெய்த மழையெல்லாம் மகாவலி வழியே வந்து இறங்கும் காலம் அது. மேட்டுநிலத்துப் பிள்ளைக்குப் பரீட்சை பிற்போடப்பட்டால் படிக்கச் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். தாழ்நிலத்துப் பிள்ளைக்கு அந்நாட்கள் புத்தகத்தைப் பரணில் ஏற்றவும், வயலைப் பார்க்கவும், நலன்புரி நிலையத்தில் இடம் பிடிக்கவும் போய்விடும்.

ஆகவே, இப்பகுதி ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தை மாரியில் வைக்க வேண்டாம். பெரும்போக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கையிலிருக்கும் பங்குனி மாதத்தில் வையுங்கள். கணித ஆசிரியர் வரட்டும். இவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை ஒருவரும், அவர் வந்தாறுமூலையிற் படிப்பவராயினும் பேராதனையிற் படிப்பவராயினும், வந்து உட்காரட்டும். விடுதிக்கு மாதம் எவ்வளவு, பேருந்து எத்தனை மணிக்கு, முதலாண்டில் எவ்வளவு அழுதோம் என்பவற்றை அவரே பெற்றோருக்குச் சொல்லட்டும்.