பதினாறு வயதின் பின் எங்கே?

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பாதை நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் புல்மோட்டையை அடைகின்றது. இல்மனைற்று என்னும் கனிய மணலாற் பெயர்பெற்ற ஊர் இது. மீன்பிடியும் வயலும் மணலும் இங்குள்ளாருக்கு வாழ்வளிக்கின்றன. இவ்வூரிலும் அயலிலும் தாயை ‘உம்மா’ என்றழைக்கும் பிள்ளைகளும் உளர். ‘அம்மா’ என்றும் ‘அம்மே’ என்றும் அழைப்போரும் உளர். அழைக்கும் மொழி எதுவாயினும், டவுண் சின்றோம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாயின் நெஞ்சை அரிக்கும் கேள்வி ஒன்றே: “எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?”

பிள்ளை மழலையாயிருக்கும் வரை இக்கேள்வி பின்னே நிற்கும். மீசை அரும்பும்போதோ பெண் பெரியவளாகும்போதோ அது முன்னே வந்து நிற்கின்றது. ஆதலின், இப்பருவத்துப் பிள்ளைகளைப் பற்றியும் அவர்தம் குடும்பங்களைப் பற்றியும் இவ்வாரம் சில கூறுவாம்.

மனித உடலின் கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் இருத்தல் இயல்பு. அவற்றுள் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டாக இருப்பதற்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடின், அந்நிலையே டவுண் சின்றோம் எனப்படும். 1866ஆம் ஆண்டில் லாங்டன் டவுண் என்னும் ஆங்கில வைத்தியர் இதன் புறக்குறிகளை விவரித்தார். 1959ஆம் ஆண்டில் பிரான்சிய ஆராய்ச்சியாளர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ ஒன்று என்னும் அளவில், செல்வ நாடு, வறிய நாடு என்ற வேறுபாடின்றி இது எங்கும் காணப்படுகின்றது. தாயின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பு மிகுமாயினும், இளந்தாய்மாருக்கும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன. கர்ப்பகாலத்திற் கிரகணம் பார்த்ததனால் வந்தது என்பதும், தாய் செய்த பாவம் என்பதும் வீண்பேச்சு. இது எவருடைய குற்றமும் அன்று.

முன்னாளில் இந்நிலைக்கு ஓர் இனத்தாரின் பெயரை இட்டு வழங்கினர். அது முறையன்று என மொங்கோலிய நாடு எடுத்துரைத்ததன் பின், 1965ஆம் ஆண்டளவில் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. பெயரைத் திருத்த உலக மன்றம் முன்வந்ததெனில், தெருவில் நாம் வழங்கும் ஏளனச் சொற்களைத் திருத்துவது நமக்கு அரிய காரியமா?

நூறாண்டுகளுக்கு முன் இத்தகைய பிள்ளைகள் பத்து வயதைக் கடப்பதே அரிது. இன்று நல்ல வைத்திய வசதியுள்ள நாடுகளில் இவர்கள் சராசரியாக அறுபது வயது வரை வாழ்கின்றனர். இது பெரும் மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் இச்செய்தியோடு ஒரு கடமையும் உடன்பிறக்கின்றது. அறுபது ஆண்டு வாழ்வில் பாடசாலைக் காலம் பத்தாண்டேயாம். எஞ்சிய காலத்துக்கு என்ன வழி?

நம் நாட்டிற் கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்விப் பிரிவுகளும் உள. எனினும், அவ்வகுப்பை விட்டு வெளியேறும் பிள்ளை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே அமர்கின்றது. கற்ற எழுத்து மறக்கின்றது, தோழமை அறுகின்றது, உடல் பருக்கின்றது, உற்சாகம் குன்றுகின்றது.

இப்பருவத்தில் பெற்றோர் அறியவேண்டியவை சில உள. அறிவு வளர்ச்சி மெதுவாயினும் உடல் வளர்ச்சி ஏனைய பிள்ளைகளைப் போன்றே உரிய வயதில் நிகழும். ஆதலின், மாதவிடாய் வருமுன்னரே பெண்பிள்ளைக்கு அதனைப் படிப்படியாகச் செய்துகாட்டிப் பழக்குதல் வேண்டும். எவர் தொடலாம், எவர் தொடலாகாது, எங்கே உடை மாற்றலாம் என்பன இருபாலாருக்கும் தெளிவாகக் கற்பிக்கப்பட வேண்டியவை. கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒதுங்கினால், ‘இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்’ என்று விட்டுவிடலாகாது. தைரொயிட்டுச் சுரப்பிக் குறை, செவிப்புலக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு ஆகிய யாவும் இப்பிள்ளைகளிடம் மிகுதி. இவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருப்பதனால், அதுவும் சோதிக்கப்பட்டிருத்தல் அவசியம்.

கற்பித்தலிலும் ஒரு நுட்பமுண்டு. இவர்கள் காதாற் கேட்பதிலும் கண்ணாற் காண்பதை எளிதிற் பற்றிக்கொள்வர். தேநீர் ஊற்றுவதை எட்டுப் படங்களாக வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினால், சில வாரங்களிற் பிள்ளை தானே ஊற்றிவிடும். கடைக்குச் செல்லுதல், மீதிப் பணம் வாங்குதல், பஸ் வண்டியில் ஏறுதல் யாவும் இவ்வாறு பழக்கக்கூடியவையே. ஸ்பெயின் நாட்டுப் பப்லோ பினேடா என்பவர் இந்நிலையோடு பிறந்து பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 2009ஆம் ஆண்டில் திரைப்பட நடிப்புக்காகப் பரிசும் பெற்றார். எல்லாரும் பட்டம் பெறுவர் என்று நாம் கூறவில்லை. எல்லை எதுவென்று முன்கூட்டியே கோடு கிழித்துவிடலாகாது என்பதே நம் கருத்து.

தமிழர் நடுவே நன்முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னையில், தம் மகளுக்கு இந்நிலை இருக்கக் கண்ட சுரேகா இராமச்சந்திரன் என்னும் அம்மையார் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய பணி, இந்திய டவுண் சின்றோம் சம்மேளனமாக வளர்ந்தது; 2015ஆம் ஆண்டில் இத்துறையின் உலக மாநாடே அந்நகரிற் கூடிற்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், திரு. ஆறு. திருமுருகன் அவர்களின் முயற்சியால் 2004ஆம் ஆண்டில் சிவபூமிப் பாடசாலை தோன்றி, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருகின்றது.

ஆயின், கோண்டாவில் எங்கே, புல்மோட்டை எங்கே? வைத்திய நிபுணரைக் காணப் பட்டினத்துக்குச் சென்று மீளுதற்கே ஒரு முழுநாள் கழிகின்றது. கடலுக்குச் செல்லும் தந்தைக்கு அது ஒருநாட் கூலியின் இழப்பு. ஆயிரத்துக்கு ஒன்று என்னும் கணக்கின்படி, ஓர் ஊரில் இத்தகைய பிள்ளைகள் ஒரு சிலரே இருப்பர். அச்சிலருக்காக ஊர்தோறும் பெரிய நிலையம் அமைத்தல் இயலாது. ஆனால் அச்சிலர் ஒன்றுகூடுவதற்குப் பெரிய நிலையம் வேண்டியதுமில்லை.

இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் ‘சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வு’ என்னும் முறையை வகுத்தது. பிள்ளையை ஊரினின்று பிரித்து நிலையத்திற் சேர்ப்பதை விடுத்து, உதவியை ஊருக்குக் கொண்டுவருதலே அதன் சாரம். உதவி ஊரைத் தேடிவந்தால் என்ன ஆகும் என்பதைப் புல்மோட்டை அறியும். 2009ஆம் ஆண்டில், போரிற் காயமுற்றோர் கப்பலிற் கொண்டுவரப்பட்டபோது, இந்திய வைத்தியர் குழு இங்கேயே வைத்தியசாலை அமைத்து உயிர்காத்தது.

வாரத்தில் ஒரு பிற்பகல், பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டாற் போதும். குச்சவெளிப் பிரிவின் நான்கைந்து குடும்பங்கள் கூடலாம். பிள்ளைகள் பந்தாடலாம், ஓலை பின்னலாம், தையல் பழகலாம், தோட்டமிடலாம். அவ்வேளையில் தாய்மார் தமக்குள் மனம்விட்டுப் பேசுவர். அதுவே அவர்களுக்குப் பாதி மருந்து. வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் அங்கு வந்து விளக்கலாம். ‘எனக்குப் பிறகு யார்?’ என்பதைப் பெற்றோர் உறவினரோடு காலத்திலேயே பேசி முடிவுசெய்யவும் அக்கூட்டம் துணைநிற்கும். சகோதரர்களையும் மறத்தலாகாது; நாளைய சுமை தம் தோளில் என்று வாய்திறவாது அஞ்சி நிற்பவர் அவர்களே.

மாணவ நேயர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. மாலையில் நீங்கள் ஆடும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு தோழன் தனித்து நிற்கக்கூடும். அவன் பெயரைச் சொல்லி ஆட்டத்துக்கு அழையுங்கள். பந்து அவனிடம் வரும்போது சற்றுப் பொறுத்திருங்கள், அவன் உதைப்பான்.