மேல் தாடை எலும்புத் தேய்மானம்: பல் இம்பிளான்ட் சிக்கல்களை எதிர்கொள்வது எப்படி?

தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதே 'இம்பிளான்ட்' சிகிச்சை. மேல் தாடையில் எலும்பு தேய்ந்தவர்களுக்கு இச்சிகிச்சைக்குப் பின் எழும் சிக்கல், சாதாரண சளித்தொல்லையாகக் கருதப்பட்டு அலட்சியப்படுத்தப்படுவதுண்டு. இந்தத் தாமதம் எஞ்சிய எலும்பையும் கரைத்துவிடக்கூடும்.

காரணம் என்ன?

மேல் தாடை எலும்பு, கீழ்த் தாடையைவிட மென்மையானது. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே 'சைனஸ்' எனும் காற்றறை உள்ளது. பல் விழுந்த பின் எலும்பு கீழிருந்து தேய, சைனஸ் மேலிருந்து விரிவடைகிறது. இதனால் சிலருக்குச் சில மில்லிமீட்டர் எலும்பே எஞ்சுகிறது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் பாதிப்பை அதிகரிக்கின்றன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, துர்நாற்றத்துடன் சளி, குனியும்போது கன்னத்தில் வலி, ஈறில் சீழ், குடிக்கும் நீர் மூக்கு வழியே வருதல் ஆகியவை தென்பட்டால் பல் மருத்துவரை உடனடியாக அணுக வேண்டும்.

சிகிச்சை முறைகள்

பல் ஆடினால், மேலுள்ள பல் மட்டும் தளர்ந்துள்ளதா, எலும்பில் உள்ள திருகே ஆடுகிறதா என்பது முதலில் கண்டறியப்படும். முன்னதாயின் இறுக்கினால் போதும். பின்னதாயின் பெரும்பாலும் திருகை அகற்ற நேரிடும். திருகு சைனஸுக்குள் நழுவியிருந்தால், முப்பரிமாண ஸ்கேன் மூலம் இடமறிந்து, காது மூக்கு தொண்டை நிபுணரின் உதவியுடன் எண்டோஸ்கோப்பி வழியே வெளியே எடுக்கலாம்.

தொற்று முழுமையாக நீங்கிய பிறகே மறு சிகிச்சை தொடங்கப்படும். சைனஸின் அடிச்சவ்வை உயர்த்தி எலும்புத்துகள் நிரப்பும் 'சைனஸ் லிஃப்ட்' முறையில், புதிய எலும்பு உருவாகப் பல மாதங்கள் ஆகும். எலும்பு மிகக் குறைவாக இருந்தால், கன்ன எலும்பில் ஊன்றும் 30 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுடைய 'ஸைகோமாட்டிக்' இம்பிளான்ட் பயன்படுத்தப்படுகிறது. 2021-இல் கரோனாவுடன் பரவிய கருப்புப் பூஞ்சைத் தொற்றால் மேல் தாடையை இழந்த சிலருக்கும் இம்முறை கைகொடுத்தது. எனினும், கண்குழிக்கு அருகே செய்யப்படுவதால் அனுபவமிக்க அறுவை சிகிச்சை நிபுணர் அவசியம்.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

நீரிழிவு குறித்தும், எலும்புத் தேய்மானத்துக்கு உட்கொள்ளும் மருந்துகள் குறித்தும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும், வலி இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் பரிசோதனைக்குச் செல்வதும் இம்பிளான்டைக் காக்க உதவும்.