ஆல்ஸ்டனில் தலைக்கு ஆயிரம் டாலர்

பாஸ்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கிடக்கும் பேட்டை ஆல்ஸ்டன். கிரீன் லைன் ரயில் ஏறினால் கல்லூரி, 66ஆம் எண் பேருந்து ஏறினால் ஹார்வர்டு சதுக்கம். மாணவர்கள் மொய்ப்பதற்கு இது போதும். இங்கே பெரும்பாலான லீஸ் செப்டம்பர் 1இல் தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடியும்.

கணக்குக்காக, இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 3,000 டாலர், மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1,000. ஊரில் அப்பாவிடம் சொல்லும் எண் இதுதான். சாவி வாங்கும் நாளில் எடுத்துவைக்க வேண்டிய எண் வேறு.

மாசசூசெட்ஸ் சட்டப்படி குடிபுகும்போது வீட்டுக்காரர் வாங்கக்கூடியவை: முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத வாடகைக்கு மேற்படாத அட்வான்ஸ், பூட்டு மாற்றும் செலவு. பூட்டை விட்டுவிட்டால் 9,000 டாலர். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக் காதுக்கு ஒரு மாதம் என்பது இனிக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்காரர் வைத்த புரோக்கருக்குக் குடிவருபவரே ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அதையும் சேர்த்தால் 12,000, தலைக்கு 4,000. டாலருக்கு 85 ரூபாய் போட்டால் 3,40,000 ரூபாய், அடுப்புப் பற்றவைக்கும் முன்பே. 2025 ஆகஸ்ட் 1 முதல் புரோக்கரை அமர்த்தியவரே கமிஷன் தர வேண்டும் என்று சட்டம் மாறியது. தலைக்கு 85,000 ரூபாய் மிச்சம், காகிதத்தில். 3,000 டாலரை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. அதைச் சத்தமில்லாமல் வாடகையில் ஏற்றிவிட மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது கோடைக்காலம். படிப்பு நடப்பது ஏறக்குறைய எட்டு மாதம், லீஸ் பன்னிரண்டு மாதம். மே மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போகிறவருக்கு, ஆண்டு முழுவதும் வாடகையாகக் கொடுத்த 12,000ஐத் தங்கிய எட்டு மாதத்தால் வகுத்தால் மாத வாடகை 1,500. நான்கு மாதத்துக்குச் சப்லெட் விட்டு மாதம் 600 தேற்றினால் 1,200 ஆக இறங்கும். லீஸில் சப்லெட்டுக்கு அனுமதி உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். மே மாதம் பார்த்துப் பயனில்லை. வரவுப் பக்கத்தையும் எழுதிவிடலாம். எஃப்-1 விசாவில் படிப்புக் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். குறைந்தபட்சக் கூலியான 15 டாலரில் நான்கு வாரத்துக்கு 1,200.

தலைக்கணக்கைக் குறைக்கக் கூடுதல் ஆள் சேர்ப்பது பழைய வைத்தியம். நான்கு பேரானால் 750, ஐந்து பேரானால் 600. மாநிலச் சுகாதார விதி இதற்குச் சதுர அடியில் எல்லை போடுகிறது: தனியாகப் படுப்பவர் அறை 70 சதுர அடி இருக்க வேண்டும், பகிர்ந்தால் தலைக்கு 50. இளநிலை மாணவர்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று பாஸ்டன் நகரம் 2008இல் விதி செய்தது. நம்மூரிலிருந்து போகிறவர்களில் பலர் முதுநிலை. அவர்களை இது தொடாது. அதற்காக ஹாலில் திரை கட்டிப் படுப்பதை நான் மிச்சக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2013இல் இதே ஆல்ஸ்டனில் ஒரு வாடகை வீடு தீப்பிடித்து மாணவி ஒருவர் இறந்தார்.

விளம்பரத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஹீட் வாடகையில் அடக்கமா என்பது. செப்டம்பர் 15 முதல் மே 31 வரை வீடு பகலில் 68, இரவில் 64 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் 20, 18 டிகிரி. எரிபொருள் காசைக் குடியிருப்பவர் தலையில் கட்ட எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். அப்படி எழுதிக்கொண்டு வாடகையில் 100 டாலர் குறைத்தால் ஆண்டுக்கு 1,200 லாபம். ஐந்து மாதக் குளிருக்கு பில் மாதம் 240ஐத் தாண்டினால் லாபம் போச்சு. பழைய மரவீட்டின் ஜன்னலோரம் கை வைத்துப் பார்த்தால் எது நடக்கும் என்று தெரியும்.

தள்ளிப் போய் மலிவாகப் பிடிப்பவர்கள் மாத ரயில் பாஸ் 90 டாலரைக் கழித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த அட்வான்ஸ். வீட்டுக்காரர் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு 30 நாளுக்குள் ரசீது தர வேண்டும். குடிபுகுந்த 10 நாளுக்குள் வீட்டின் நிலையைக் குறித்த தாளும் வர வேண்டும். சுவர் விரிசல், உடைந்த தாழ்ப்பாள் என்று விட்டுப்போனதை எழுதித் திருப்பித்தர 15 நாள் அவகாசம். காலி செய்த 30 நாளுக்குள் அட்வான்ஸ் திரும்பாவிட்டால் நீதிமன்றத்தில் மூன்று மடங்கு கேட்கலாம். அதற்குள் வேலை கிடைத்து வேறு மாநிலம் போயிருப்பீர்கள்; காசோலை வர வேண்டிய புது முகவரியைச் சாவி கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.