காரைக்கால் எந்த மாநிலம்? லாஜிக் கேள்வியில் உள்ளூர்க்காரரே சறுக்கும் இடம்

முதலில் ஒரு கேள்வி.

கூற்று 1: கடற்கரை உள்ள எல்லா மாவட்டங்களும் தமிழ்நாட்டில் உள்ளன.
கூற்று 2: காரைக்கால், கடற்கரை உள்ள மாவட்டம்.
முடிவு: காரைக்கால் தமிழ்நாட்டில் உள்ளது.

கூற்றுகளில் இருந்து இந்த முடிவு கிடைக்குமா?

காரைக்கால்காரர் என்றால் சட்டுனு "தப்பு"ன்னுதான் சொல்வார். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல் என்றாலும், ஊர் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். ஆனால் தேர்வில் சரியான விடை, "கிடைக்கும்"!

காரணம் சிம்பிள். முதல் கூற்று உண்மையா என்று கேள்வி கேட்கவே இல்லை. 'இது உண்மை என்று வைத்துக்கொண்டால், அடுத்து என்ன?' என்பது மட்டும்தான் கேள்வி.

எங்கே வரும்?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலை சேர்க்கைக்காக 2022-ல் வந்த க்யூட் நுழைவுத் தேர்வில், ஜெனரல் டெஸ்ட் பகுதியில் இவை வரும். தமிழிலும் எழுதலாம். 2025-ல் இந்தப் பகுதிக்கு 60 நிமிடத்தில் 50 கேள்விகள். அதாவது, கேள்விக்கு 72 விநாடி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 போகும்.

தலைகீழாகத் திருப்பலாமா?

'எல்லா மீனவர்களுக்கும் நீச்சல் தெரியும். ரவிக்கு நீச்சல் தெரியும்.' அப்படியானால் ரவி மீனவரா? சொல்ல முடியாது. அவர் ஆசிரியராகக்கூட இருக்கலாம். ஆனால், 'குமாருக்கு நீச்சல் தெரியாது' என்றால் அவர் மீனவர் இல்லை என்பது உறுதி.

ஐந்து கட்டம் போடுங்க

திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என ஊருக்கு ஒருவராக ஐந்து பேர், இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரையுள்ள இருக்கைகளில் இருக்கிறார்கள்.

* நிரவிக்காரர் நடுவில்.
* திருநள்ளாறுக்காரர் ஏதோ ஓர் ஓரத்தில்.
* அவரை அடுத்து, வலப்பக்கம் கோட்டுச்சேரிக்காரர்.
* நெடுங்காட்டுக்காரர் ஓரத்தில் இல்லை.

5-வது இருக்கையில் யார்?

மனசுக்குள்ளேயே போட்டால் குழம்பும். ரஃப் தாளில் ஐந்து கட்டம் போட்டு, உறுதியான தகவலை முதலில் நிரப்புங்கள்: 3-ல் நிரவி. திருநள்ளாறு 5-ல் இருந்தால் அவருக்கு வலப்பக்கம் இடமே இல்லை, எனவே 1. கோட்டுச்சேரி 2. மிச்சம் இருப்பது 4, 5. நெடுங்காடு ஓரத்தில் இல்லை என்பதால் 4. ஆக, 5-ல் திருமலைராயன்பட்டினம்.

தெரியலைன்னா விட்டுடலாமா?

நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றை டிக் செய்தால், சராசரியாகக் கேள்விக்கு அரை மதிப்பெண் கிடைக்கும். இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மீதியில் ஊகித்தால் சராசரி 2 மதிப்பெண். எனவே முழுசா தெரியவில்லை என்றாலும், எது வரவே வராது என்று பார்த்து நீக்குங்கள். ஒன்றரை நிமிடம் தாண்டினால் அடுத்த கேள்விக்கு நகருங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.