மையால் பள்ளம் பறிக்கலாம்! மோர்பி டைல்ஸ் ஆலைக்குள் ஒரு எட்டு

பெல்ட்டில் வரிசையாக வருகின்றன டைல்ஸ். வெள்ளை வெளேரென்று, மேலே ஒரு கோடுகூட இல்லாமல் ஒரு பெரிய பெட்டிக்குள் நுழைகின்றன. மறுபக்கம் வெளியே வருவதோ தேக்குப் பலகை! வரி இருக்கிறது, முடிச்சு இருக்கிறது, வெயிலில் வெளுத்த ஓரம்கூட இருக்கிறது. பின்னாலேயே இன்னொன்று. அதில் முடிச்சு வேறு இடத்தில். அட, மூன்றாவதிலும் வேறு!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? வேடிக்கை இனிமேல்தான். சூளைக்குள் போய் வந்த பிறகு அந்தத் தேக்கு வரியில் விரலை ஓட்டினால் நகம் மாட்டும். அந்தப் பள்ளத்தையும் இதே பெட்டிதான் அச்சடித்தது. ஆமாம், பள்ளத்தைத்தான்! உளி இல்லை, சுத்தியல் இல்லை, வெறும் மை!

இடம், குஜராத்தின் மோர்பி. மச்சு ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் சுவர்க்கடிகாரத்துக்குப் பேர்போனது. இன்று நாட்டில் தயாராகும் செராமிக் டைல்ஸில் பெரும்பங்கு இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஆலை, ஆலை, ஆலை! வாருங்கள், ஒன்றுக்குள் நுழைந்துவிடுவோம்.

முதலில் கணினி அறை

ஆலை என்றதும் புழுதியும் சத்தமும்தானே நினைவுக்கு வரும்? கூத்து தொடங்குவது குளுகுளு அறையில். அசல் பளிங்குப் பாளமோ பழைய மரப்பலகையோ ராட்சத ஸ்கேனரின் அடியில் படுத்திருக்கும். அந்த ஸ்கேனர் நிறத்தை மட்டும் எடுப்பதில்லை. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று பரப்பின் ஏற்ற இறக்கத்தையும் அளந்துகொள்ளும். ஆக, ஒரே பலகைக்கு இரண்டு படங்கள். ஒன்று வண்ணப்படம். மற்றது கறுப்பு வெள்ளை. அதில் வெளுப்பாக இருந்தால் மேடு, கறுக்கக் கறுக்கப் பள்ளம். தொட்டு உணர வேண்டியது ஒரு படமாகத் திரையில் நிற்கிறது. மரத்தின் வரியைக் கொஞ்சம் ஆழமாக்க வேண்டுமா? மவுஸைத் தட்டினால் போதும்!

இங்கேயே இன்னொரு குறும்பும் நடக்கிறது. பலகையின் வெவ்வேறு பகுதிகளை வெட்டியெடுத்து ஒரே டிசைனுக்குப் பல முகங்கள் தயாரிக்கிறார்கள். தொழிலில் இதற்கு ‘ஃபேஸ்’ என்றே பெயர். தரையில் பதித்தபின் ஒரே முடிச்சு அடுத்தடுத்து வந்து குட்டை உடைத்துவிடக் கூடாதல்லவா!

தொடாமல் எழுதும் பெட்டி

இப்போது சத்தமான பக்கத்துக்கு வருவோம். களிமண், ஃபெல்ட்ஸ்பார் தாது எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து பால்மில் என்ற அரவை எந்திரத்தில் அரைபட்டுக் குழம்பாகின்றன. ஸ்ப்ரே டிரையரின் வெப்பக் காற்றில் அந்தக் குழம்பு பொடிமணியாகிறது. ஹைட்ராலிக் பிரஸ் அதைத் தட்டையாக அழுத்த, டைல் பிறந்துவிடும். அதை உலர்த்தி, மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி, முதலில் பார்த்த அந்தப் பெட்டியான பிரிண்டரை நோக்கி அனுப்புகிறார்கள். இன்னும் வேகாத பச்சை டைல் அது. முரட்டுத்தனமாகத் தொட்டால் ஒடிந்துவிடும்.

டிஜிட்டல் பிரிண்டருக்கு முன்பு இதன்மேல் சல்லடைத் திரையையோ சிலிக்கோன் உருளையையோ வைத்து அழுத்தித்தான் வண்ணம் ஏற்றினார்கள். உருளை மேட்டைத் தொடும், பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். ஸ்பெயினின் காஸ்டெயோன் வட்டாரமும் டைல்ஸுக்குப் பேர்போன பூமி. அங்கிருந்து கெராஜெட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இன்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்ததும் கதையே மாறியது. தொடவே வேண்டாம், மேலிருந்து துளியாகத் தூவினால் போதும்!

தூவும் தலைகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஸார் 1001 என்று பெயர்போன ஒரு தலை வெறும் 7 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் 1,000 துளைகள்! ஒவ்வொரு துளியும் சில பிகோலிட்டர் அளவு. ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். இப்படிப்பட்ட தலைகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வரிசையாக நிற்க, அடியில் டைல்ஸ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மையும் வீட்டுப் பிரிண்டர் மை அல்ல. சூளை நெருப்பில் காகித மையெல்லாம் புகையாகிவிடும். இது தாதுக்களால் ஆன நிறமி. கோபால்ட் நீலம், பிரசியோடைமியம் மஞ்சள், இரும்பில் பிறக்கும் பழுப்பு என்று ஒரு தனிக் குடும்பம். துளையில் அடைக்காமலிருக்க ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளாக அரைக்கிறார்கள். இதில் பளீர் சிவப்பு மட்டும் போக்கு காட்டும். அந்த நிறமி நெருப்பைத் தாங்க சிர்க்கான் என்ற கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். அவ்வளவு பொடியாக அரைத்தால் கூடு உடைந்து, சிவப்பு நெருப்பில் காணாமல் போய்விடும். பழுப்பும் சாம்பலும் இந்தத் தொழிலில் ராஜாக்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்!

பள்ளம் வரும் வழிகள்

பழைய வழி, பிரஸ்ஸின் அச்சிலேயே மேடு பள்ளம் செதுக்கிவைப்பது. உறுதியானதுதான். ஆனால் ஒரே அச்சு ஒரே பள்ளத்தைத்தான் போடும். மேலே எத்தனை ஃபேஸ் அச்சடித்தாலும் அடியில் இருப்பது அதே மேடு, அதே பள்ளம்.

இங்கேதான் மந்திர மைகள் வருகின்றன! முதலாவது சிங்கிங் மை, அதாவது அமிழ்த்தும் மை. பிரிண்டரில் இதற்கென்றே ஒரு தனி வரிசை. கணினி அறையில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் நேராக இந்த வரிசைக்குத்தான் போகிறது. அச்சடித்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சூளையில் கிளேஸ் உருகும்போது இந்த மை விழுந்த இடம் மட்டும் அதிகமாக இளகி விலகும். அங்கே கோடு கோடாகப் பள்ளம் விழும். அரை மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது. ஆனால் விரலுக்கு அதுவே தாராளம்.

இரண்டாவது, தண்ணீரை விரட்டும் மை. இதை முதலில் அச்சடித்து, மேலே கிளேஸ் தெளிப்பார்கள். தாமரை இலைத் தண்ணீர்போல அந்தக் கோடுகளில் கிளேஸ் ஒட்டாமல் ஒதுங்கிக்கொள்ள, சூளைக்குப் போகும் முன்பே பள்ளம் தயார்.

மூன்றாவது நேர் எதிர், மேடு எழுப்பும் வித்தை. பிரிண்டர் பசையால் படம் வரைகிறது. அதன்மேல் கண்ணாடி போன்ற பொடிக்குருணையை அள்ளிக் கொட்டுகிறார்கள். அடுத்து ஒரு உறிஞ்சி வந்து ஒட்டாததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பசை இருந்த இடத்தில் மட்டும் குருணை நிற்கும். சூளையில் அது உருகிப் படிந்து, தொட்டால் தட்டுப்படும் பூவாகவோ கொடியாகவோ எழும்பும்!

கடைசிப் பரீட்சை சூளையில். 100 மீட்டரையும் தாண்டி நீளும் குகை அது. உருளைகள்மேல் டைல்ஸ் நகர்ந்து போக, உள்ளே சூடு 1,200 டிகிரி செல்சியஸை எட்டும். உள்ளே போகும்போது மங்கிக் கிடந்த நிறம் வெளியே வரும்போதுதான் தன் உண்மை முகத்தைக் காட்டும். டைலும் சும்மா வருவதில்லை. விட்ரிஃபைட் டைல் என்றால் நீள அகலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு சுருங்கிவிடும். இந்தச் சுருக்கத்தையும் நிறமாற்றத்தையும் கணினி அறையிலேயே முன்கூட்டிக் கணக்குப் போட்டுவைக்கிறார்கள். கணக்கு தப்பினால் மறுபடி சோதனை அச்சு, மறுபடி சூளை!

இவ்வளவு ரகசியம் தெரிந்தபின் டைல்ஸ் கடையில் சும்மா நிற்க முடியுமா? ஒரே பெட்டியிலிருந்து நான்கைந்தை எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். படம் மாறியும் பள்ளம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால், அது பிரஸ் அச்சின் வேலை. ஒவ்வொரு டைலிலும் வரி எங்கே வளைகிறதோ அங்கேயே பள்ளமும் வளைந்தால், பெரும்பாலும் மைதான்! கடைக்காரர் முழித்தால், இனி அவருக்கு நீங்கள் வகுப்பெடுக்கலாம்.